நின்று கிடந்த ஸ்கூட்டர் ஏன் மக்கர் செய்கிறது?

இந்தியாவில் பதிவான மோட்டார் வண்டிகளில், நான்கில் ஏறத்தாழ மூன்று இரு சக்கர வண்டிகள். பூக்கூடை ஸ்கூட்டரில் போகிறது. இட்லிப் பாத்திரம் ஸ்கூட்டரில் போகிறது. பிள்ளை பள்ளிக்குப் போவதும் அதில்தான். கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். பல வீடுகளில் வண்டி நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும்.

ஓட ஓடத்தான் வண்டி தேயும், சும்மா நின்றால் ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. சும்மா நிற்கும் வண்டியும் கெடும்.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு இருந்தது. ஏராளமான வண்டிகள் வாரக்கணக்கில் வாசலிலேயே நின்றன. ஊரடங்கு தளர்ந்ததும் ஆட்கள் வண்டியை எடுத்தார்கள். சில வண்டிகள் கிளம்பவே இல்லை. சில கிளம்பின. ஆனால் தெருமுனை தாண்டும் முன் நின்றன. வெளியூர் வேலைக்குப் போய்வந்தவர்களும், மகள் பிரசவத்துக்குப் போய்வந்தவர்களும் இதே தொல்லையைப் படுகிறார்கள்.

"எஞ்சினே போச்சு" என்று பயப்பட வேண்டாம். இப்படி நிற்கும் வண்டியில் பெரும்பாலும் எஞ்சின் நன்றாகவே இருக்கும். பழைய பெட்ரோலும் சிறிய அடைப்பும்தான் காரணமாக இருக்கும். இது தெரியாமல் போனால் வீண் செலவு வரும். தெரிந்தால் சில சோதனைகளை வீட்டு வாசலிலேயே செய்யலாம்.

எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று

அடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு வேண்டும். காற்று வேண்டும். தீக்குச்சி வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுப்பு எரியாது.

எஞ்சினும் ஓர் அடுப்புதான். பெட்ரோல்தான் விறகு. காற்று, ஏர் ஃபில்டர் என்ற வடிகட்டி வழியாக வருகிறது. தீப்பொறியைப் பிளக் தருகிறது.

பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலக்க வேண்டும். பழைய ஸ்கூட்டர்களில் இந்த வேலையைச் செய்வது கார்புரேட்டர். அதன் அடியில் ஒரு சிறிய கிண்ணம் இருக்கும். மெக்கானிக்குகள் அதைக் 'கப்' என்பார்கள். அதில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் தேங்கி நிற்கும். அந்தப் பெட்ரோல் 'ஜெட்' என்னும் பித்தளைத் துண்டுகளின் துளை வழியாக மேலே போகும்.

ஜெட் இரண்டு வகை. ஆக்சிலேட்டரை முறுக்கி ஓட்டும்போது மெயின் ஜெட் வேலை செய்யும். முறுக்காமல் வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது ஸ்லோ ஜெட் வேலை செய்யும். ஸ்லோ ஜெட்டின் துளை மிகச் சிறியது. அரை மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. தையல் ஊசியின் நடுப்பகுதிகூட அதில் நுழையாது. வண்டியின் பெரிய தொல்லை இந்தச் சிறிய துளையில்தான் தொடங்குகிறது.

பெட்ரோல் கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவாமல் வைத்தால் என்ன ஆகிறது? சில வாரத்தில் ஓரத்தில் பிசுக்குப் பிடிக்கிறது. கையில் ஒட்டுகிறது. பெட்ரோலும் அப்படித்தான். நாள் ஆக ஆக அதில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடும். அந்தப் பகுதிதான் சீக்கிரம் தீப்பிடிக்கும். மீதி காற்றோடு சேர்ந்து பிசின்போல் மாறும். கப்பில் இருப்பது கொஞ்சம் பெட்ரோல்தான். அதனால் அது டேங்கில் உள்ளதைவிட விரைவில் கெடும். அந்தப் பிசின் ஸ்லோ ஜெட்டின் துளையை அடைத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் என்பது கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் ஒரு சாராயப் பொருள். 2022-இல் நாடு முழுவதும் இந்தக் கலப்பு 10 விழுக்காட்டை எட்டியது. 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. ஓடுகிற வண்டியில் அது உடனுக்குடன் எரிந்துவிடும். ஆனால் எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. உப்பு மழைக்காலத்தில் கசிகிறது அல்லவா? அதுபோலத்தான். வண்டி மழைக்காலம் முழுவதும் நின்றால் பெட்ரோலில் ஈரம் சேரலாம். அளவு மிஞ்சினால் நீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அடியிலிருந்துதான். அப்போது முதலில் போவது நீர். நீர் எரியாது.

தொடங்கும் முன் எச்சரிக்கை

பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாது. அது காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். சற்றுத் தள்ளி இருக்கும் அடுப்பையோ விளக்கையோ தொட்டாலும் தீப்பிடிக்கும். ஆகவே,

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. பிள்ளைகளும் அருகில் இருக்கக் கூடாது.

எஞ்சின் ஆறிய பிறகே கை வையுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள்.

குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சாதீர்கள். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது தவறி விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீரின் மேல் பெட்ரோல் மிதந்து தீ பரவும். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடிய அறைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள நச்சுவாயுவுக்கு வாசனை இல்லை. அது ஆளைக் கொல்லும்.

செலவில்லாத சோதனை முதலில்

எதையும் கழற்றும் முன் எளிய சோதனைகளைச் செய்யுங்கள். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. வரிசை முக்கியம்.

1. டேங்கைப் பாருங்கள்

பெட்ரோல் இருக்கிறதா? மூடியைத் திறந்து பாருங்கள். மணத்தைக் கவனியுங்கள். நல்ல பெட்ரோலின் மணம் சுள்ளென்று இருக்கும். கெட்ட பெட்ரோல் வார்னிஷ் போலப் புளிப்பாக மணக்கும். நிறமும் கருத்திருக்கும்.

வண்டியில் பெட்ரோல் குழாய்த் திருகு இருக்கிறதா? அதன் அருகே எழுத்துகள் இருக்கும். ஆன் என்றால் திறந்திருக்கிறது. ஆஃப் என்றால் மூடியிருக்கிறது. மூன்றாவது, ரிசர்வ். அடியில் உள்ள கடைசிப் பெட்ரோல் அதில் வரும். திருகு ஆஃபில் இருந்தால், கப்பில் உள்ள பெட்ரோல் தீரும்வரை ஓடிவிட்டு வண்டி நின்றுவிடும். இதைப் பார்க்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் பலர்.

சில ஸ்கூட்டர்களில் இந்தத் திருகு இருக்காது. எஞ்சின் சுழலும்போது மட்டும் பெட்ரோல் தானாகத் திறக்கும். அத்தகைய வண்டி வெகுநாள் நின்றால் கப் காய்ந்திருக்கும். பத்துப் பதினைந்து முறை கிக்கரை உதைத்த பிறகே பெட்ரோல் வந்து சேரும்.

2. கிக்கரைப் பயன்படுத்துங்கள்

நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும். செல்ஃப் பட்டனை ஒரேயடியாக அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு தடவைக்கு 5 நொடி போதும். பிறகு 10 நொடி விடுங்கள். கிக்கர் இருந்தால் அதையே உதையுங்கள்.

சோக் இருந்தால் அதை இழுத்துவிட்டு உதையுங்கள். சோக் காற்றைக் குறைக்கும். அதனால் பெட்ரோல் அதிகமாகப் போகும். கிளம்பியதும் சிறிது நேரத்தில் சோக்கை விட்டுவிட வேண்டும். சில வண்டிகளில் சோக் தானாகவே வேலை செய்யும்.

3. டேங்க் மூடியைச் சோதியுங்கள்

வண்டி நன்றாகக் கிளம்புகிறது. ஐந்து பத்து நிமிடம் ஓடுகிறது. பிறகு நிற்கிறது. சிறிது நேரம் கழித்து மறுபடி கிளம்புகிறது. இப்படி இருந்தால் மூடியைச் சந்தேகப்படுங்கள். மூடியில் காற்றுப் போக ஒரு சிறிய வழி உண்டு. அதில் தூசியோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கலாம். டப்பாவில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சரியாக வருமா? வராது. காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும். டேங்கும் அப்படித்தான்.

வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் அடைப்பு மூடியில்தான். மூடியைச் சுத்தம் செய்தால் போதும்.

4. ஏர் ஃபில்டரைப் பாருங்கள்

நின்ற வண்டி எலிக்கும் பூச்சிக்கும் வீடு. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி பஞ்சு சேர்த்து வைத்திருக்கலாம். காற்று போகாவிட்டால் வண்டி புகையும், திணறும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ரப்பர்க் குழாய்களையும் பாருங்கள். எலி கடித்திருக்கலாம். வெடித்த குழாயை உடனே மாற்ற வேண்டும். அதில் பெட்ரோல் கசிந்தால் வண்டி தீப்பிடிக்கும்.

5. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

பிளக்கின் நிறம் எஞ்சினின் நிலையைச் சொல்லும். டீத்தூள் நிறமாக இருந்தால் நல்லது. கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு. நனைந்திருந்தால் அதிகம் உதைத்ததில் பெட்ரோல் தேங்கிவிட்டது. துணியால் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். தேய்ந்த பிளக் என்றால் புதிது போடுங்கள். விலை அதிகம் இல்லை.

6. கப்பில் உள்ள பெட்ரோலை இறக்குங்கள்

கார்புரேட்டர் கப்பின் அடியில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் பழைய பெட்ரோல் வடியும். அதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். 10 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக ஏதாவது நிற்கிறதா? நின்றால் அது நீர் கலந்தது. மண்ணோ துருவோ இருக்கிறதா? அப்படியானால் டேங்கையும் சுத்தம் செய்ய வேண்டும்.

திருகைத் தளர்த்தியும் பெட்ரோலே வரவில்லையா? அடைப்பு அதற்கு மேலே இருக்கிறது. குழாயிலோ பெட்ரோல் ஃபில்டரிலோ தேட வேண்டும்.

பழையதை இறக்கிவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். இறக்கிய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

ஸ்லோ ஜெட் அடைப்பின் அடையாளம்

இவை எல்லாம் செய்தும் வண்டி நிற்கிறதா? இப்போது அடையாளத்தைக் கவனியுங்கள்.

சோக் போட்டால் ஓடுகிறது. எடுத்தால் நிற்கிறது.

முறுக்கிப் பிடித்தால் ஓடுகிறது. கையை விட்டால் நிற்கிறது.

சாலையில் போகிறது. சிக்னலில் நிற்கும்போது அணைந்துவிடுகிறது.

இவை ஸ்லோ ஜெட் அடைப்பின் அடையாளங்கள். முறுக்கும்போது மெயின் ஜெட் பெட்ரோல் தருகிறது. கையை விட்டால் ஸ்லோ ஜெட் தர வேண்டும். அது அடைத்திருப்பதால் எஞ்சின் பட்டினி கிடந்து அணைகிறது.

சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி செய்வார்கள். ஐடிலிங் திருகைத் திருகி எஞ்சினை வேகமாக ஓடவிடுவார்கள். வண்டி நிற்காது. ஆனால் அடைப்பு அப்படியே இருக்கும். பெட்ரோல் வீணாகும். கியர் இல்லாத ஸ்கூட்டர் பிரேக்கை விட்டவுடன் தானே முன்னால் பாயும். இது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலை மட்டும் தணிப்பது போன்றது.

சரியான வைத்தியம், கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டைச் சுத்தம் செய்வது. பழக்கம் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஜெட்டை அதற்கான கிளீனர் திரவம் விட்டுக் காற்று அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மெதுவானது. துளை பெரிதாகிவிடும். பிறகு அந்த வண்டி எப்போதும் அதிகப் பெட்ரோல் குடிக்கும்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

பெங்களூரில் ஓர் அக்கா இருக்கிறார். சின்ன ஸ்கூட்டரில் கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறவர் அவர் என்று வைத்துக்கொள்வோம். மகளின் பிரசவத்துக்காகக் கோலார் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டார். திரும்பி வந்தால் வண்டி மக்கர். கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்.

"தம்பி, வண்டி ஓடமாட்டேங்குது. என்னன்னு பாருப்பா" என்று சொன்னால் மெக்கானிக் எங்கிருந்து தொடங்குவார்? எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். நேரமும் கூலியும் கூடும்.

அதே அக்கா இப்படிச் சொல்கிறார்:

"தம்பி, வண்டி ரெண்டு மாசம் நின்னுடுச்சு. சோக் போட்டா ஓடுது. எடுத்தா நின்னுடுது. பழைய பெட்ரோலை இறக்கிட்டுப் புதுசு ஊத்திட்டேன். பிளக் துடைச்சுட்டேன். கார்புரேட்டர் பாருப்பா."

"அப்படியாக்கா? ஸ்லோ ஜெட்டாத்தான் இருக்கும். கழட்டிப் பார்த்துடலாம்."

"எவ்வளவு ஆகும்னு முதல்லயே சொல்லிடு தம்பி. ஏதாவது சாமான் மாத்தினா பழசை என்கிட்ட குடுத்துடு. பில்லும் எழுதிக் குடு."

"சரிக்கா, எழுதியே தர்றேன்."

இரண்டு பேருக்கும் இது நல்லது. மெக்கானிக்குக்கு நேரம் மிச்சம். அக்காவுக்குப் பணம் மிச்சம். அடுத்த நாள் சாப்பாடும் நேரத்துக்குப் போய்ச் சேரும். "எஞ்சின் இறக்க வேண்டும்" என்று யாராவது எடுத்தவுடன் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் இன்னொரு கடையிலும் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

புதிய ஸ்கூட்டர் என்றால்

2020 ஏப்ரல் முதல் நாட்டில் புகைக் கட்டுப்பாடு கடுமையானது. அதன் பிறகு வந்த பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் இல்லை. பம்ப் ஒன்று பெட்ரோலைத் தள்ளும். ஊசி மருந்து போல அளந்து பீச்சப்படும். எவ்வளவு வேண்டும் என்று ஒரு சிறிய கணினி முடிவு செய்யும்.

இந்த வண்டிக்குப் பேட்டரி மிக முக்கியம். பேட்டரி அடியோடு இறங்கினால் பம்ப் ஓடாது. கிக்கரை உதைத்தாலும் வண்டி கிளம்பாமல் போகலாம். சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். அது பம்ப் ஓடும் சத்தம். கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்து பாருங்கள். வண்டி ஓடும்போதும் முன்பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட விளக்கு அணையாமல் எரிகிறதா? அந்த வண்டியை வீட்டில் கழற்ற வேண்டாம். அதற்கான கருவி உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள்.

வரும் முன் காப்போம்

வாரத்துக்கு ஒரு முறை வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். வாசலில் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது போதாது. எஞ்சின் சூடாகாது. சைலன்சருக்குள் ஈரம்தான் சேரும்.

ஒரு மாதத்துக்கு மேல் வெளியூர் போகிறீர்களா? புறப்படும் முன் கார்புரேட்டர் கப்பில் உள்ள பெட்ரோலை இறக்கிவிடுங்கள். குழாய்த் திருகு உள்ள வண்டி என்றால், அதை மூடிவிட்டு எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிட்டாலும் சரி.

இரும்பு டேங்காக இருந்தால் நிறையப் பெட்ரோல் போட்டு வையுங்கள். காலி இடம் இருந்தால் ஈரக்காற்று புகுந்து துருப்பிடிக்கும்.

பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி வையுங்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிழலில் நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் டயர் காற்றையும் பிரேக்கையும் பார்த்த பிறகே சாலையில் ஏறுங்கள். இன்சூரன்ஸ் தேதியையும் புகைச் சான்று தேதியையும் படித்துப் பாருங்கள்.

நினைவில் கொள்க

நின்ற வண்டி நின்று நின்று ஓடினால், முதல் சந்தேகம் பழைய பெட்ரோல் மீது.

எளிய சோதனை முதலில். கழற்றுவது கடைசியில்.

பெட்ரோல் அருகே நெருப்புக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது.

ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது.

அடையாளத்தைச் சரியாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

பேசுவோம், எழுதுவோம்

1. சோக் போட்டால் ஓடும் வண்டி, சோக்கை எடுத்தால் ஏன் நிற்கிறது?

2. ஓடி ஓடி நிற்கும் வண்டியில் டேங்க் மூடியை ஏன் பார்க்க வேண்டும்?

3. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள வண்டியில் என்னென்ன எழுத்துகள் உள்ளன? படித்துப் பாருங்கள்.

4. ஒரு நோட்டு எடுங்கள். வண்டி நின்ற நாள், பெட்ரோல் போட்ட நாள், பிளக் மாற்றிய நாள், கொடுத்த கூலி ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.